50 வயதில் வேலையை விட 2 கோடி போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 46. கோவையில் தனியார் கம்பெனி வேலை, 2005 செப்டம்பரிலிருந்து தொடர்ச்சியாகப் பி.எஃப். பிடித்தம். சொந்த வீடு, கடன் இல்லை, மாதச் செலவு 55,000. பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்டு, எஃப்.டி. எல்லாம் சேர்த்து இப்போது 1.35 கோடி இருக்கிறது. மாதம் 50,000 மிச்சம் பிடிக்க முடிகிறது. 50 வயதில் இது 2 கோடி ஆகிவிடும், பென்ஷனும் வரும், வேலையை விட்டுவிடலாமா என்கிறீர்கள். உங்களுக்குச் சுகர், மனைவிக்குத் தைராய்டு, அம்மாவுக்கு 74 வயது, மகள் பிளஸ் ஒன் என்பதையெல்லாம் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். பதில் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்பது 2 கோடி பெரிய தொகையா என்பதல்ல. சம்பளம் நின்ற நாளிலிருந்து, சர்க்காரின் முதியோர் சலுகைகள் தொடங்கும் 60 வயது வரை, நோய்நொடியோடும் கல்லூரிக் கட்டணத்தோடும் அந்தப் பணம் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

நான் இருபது வருடத்துக்கு மேலாக மில்களுக்கும் சின்னத் தொழிற்சாலைகளுக்கும் சம்பளப் பட்டியல், பி.எஃப்., வருமான வரிக் கணக்குப் பார்ப்பவன். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகன் இல்லை. எந்த ஃபண்டில் போடலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பி.எஃப்., பென்ஷன் விதிகளைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். வருங்கால வட்டி, விலைவாசி பற்றிச் சொல்வதெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட அனுமானம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பென்ஷன். இதைத்தான் நிறையப் பேர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். மாதாமாதம் கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது என்பது சரிதான், ஆனால் அது உங்கள் முழுச் சம்பளத்தின் மீது இல்லை. 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதற்கு முன்பு 6,500. அதாவது உங்கள் அடிப்படைச் சம்பளம் 60,000 ஆக இருந்தாலும் பென்ஷன் கணக்கில் விழுவது மாதம் 1,250 ரூபாய்தான். உச்சவரம்புக்கு மேல் முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்டு விண்ணப்பிக்க, 2022 நவம்பர் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு சிலருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நீங்கள் அதில் சேர்ந்ததாகச் சொல்லவில்லை, அதனால் சாதாரணக் கணக்கையே போடுகிறேன்.

சூத்திரம் எளிது: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் வரையிலான உங்கள் 9 வருடத்துக்கு 6,500-ஐ வைத்தால் 836 ரூபாய். அப்புறம் 2030 வரைக்குமான 16 வருடத்துக்கு 15,000-ஐ வைத்தால் 3,429 ரூபாய். 20 வருட சர்வீஸோடு 58 வயதில் ஓய்வு பெறுபவர்களுக்கு 2 வருடம் கூட்டிக் கொடுப்பார்கள், 50-இல் விடுகிற உங்களுக்கு அதை நான் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் மாதம் 4,300-க்குப் பக்கம். அதுவும் 58 வயதில்தான். 50 முதலே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 50-இல் கேட்டால் ஏறத்தாழ 30 சதவீதம் போய், 3,000 அளவில் நிற்கும். இதற்குப் பஞ்சப்படி கிடையாது. இன்று 4,300 என்றால் 20 வருடம் கழித்தும் அதே 4,300, நடுவில் சர்க்கார் ஏதாவது உயர்த்தினால் தவிர. உச்சவரம்பை ஏற்றப்போகிறார்கள் என்ற பேச்சு வருடாவருடம் அடிபடுகிறது. ஏற்றினால் லாபம், ஆனால் அதை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுத முடியாது.

சரி, 50-இல் வாங்குவதா, 58 வரை பொறுப்பதா? எட்டு வருடம் முன்னதாக 3,000 வாங்கினால் கையில் 3 லட்சத்துக்குப் பக்கம் சேர்ந்துவிடும். பொறுத்தவருக்கு மாதம் 1,300 கூடுதல். அவர் உங்களை எட்டிப் பிடிக்க ஏறத்தாழ 77 வயது ஆகும், வட்டியைக் கணக்கில் சேர்க்காமலேயே. அதனால் முன்கூட்டி வாங்குவது முட்டாள்தனம் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. குடும்பத்தில் எல்லோரும் 85 தாண்டுபவர்கள் என்றால் பொறுக்கலாம். எப்படியானாலும் உங்கள் வீட்டுச் செலவில் இது கரன்ட் பில்லையும் கேஸையும் தாங்கும், அவ்வளவுதான். 50-க்கு முன்பே வேலை நின்றுவிட்டால், பத்து வருட சர்வீஸைத் தாண்டிய நீங்கள் பென்ஷன் பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது; படிவம் 10-சி போட்டு ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் அப்படியே நிற்கும்.

இங்கே ஒரு விஷயம், இதை நான் தினமும் பார்க்கிறேன். நம்மூரில் பழைய பி.எஃப். பதிவுகளில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் இருக்கும். பான் கார்டில் மூன்றாவது விதமாக இருக்கும். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, மில்லில் சேரும்போது ஆபீஸில் எழுதியது ஒன்று. பழைய கம்பெனி உங்கள் வெளியேறிய தேதியைக் கணினியில் ஏற்றியிருக்காது. நடுவில் கம்பெனி மாறியபோது பழைய கணக்குப் புதியதோடு சேராமல் தனியாகக் கிடக்கும். பி.எஃப். பணம் மாறியிருக்கும், பென்ஷன் சர்வீஸ் மாறியிருக்காது. வேலையில் இருக்கும்வரை ஹெச்.ஆர்.-இடம் போய் உட்கார்ந்து, கூட்டு உறுதிமொழி போட்டுச் சரிசெய்துவிடலாம். வேலையை விட்ட மூன்றாம் வருடம் போனால் அங்கே புது ஆள் இருப்பார், உங்களைத் தெரியாது. கம்பெனியே மூடிவிட்டால் கையெழுத்துப் போட ஆளே இல்லை. அப்போது பென்ஷனுக்குத் தேவையான பத்து வருட சர்வீஸை நிரூபிக்கப் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி அலமாரியைக் கலைக்க வேண்டியிருக்கும்.

பி.எஃப். பணத்தை வேலை விட்ட அன்றே எடுத்துவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. 58 வரை வட்டி வந்துகொண்டிருக்கும். ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டி வரிக்கு உட்பட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வேலையை விட்டவர் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவெடுத்தது. நீங்கள் விடும் நேரத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு, ஆகவே அந்தப் பணத்தை முதல் வருடச் செலவுக்கு நம்பி நிற்காதீர்கள். உங்கள் என்.பி.எஸ்.-இல் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 6 லட்சம்தான் இருப்பதால் அதை விரிக்கவில்லை. முன்கூட்டி வெளியேறினால் 80 சதவீதத்தை ஆன்யுட்டியில் (மாதாமாதம் பென்ஷன் தரும் காப்பீட்டுத் திட்டம்) போட வேண்டும் என்பது பல காலம் இருந்த விதி. தனியார் சந்தாதாரர்களுக்கு 2025 டிசம்பரில் வெளியேறும் விதிகளைத் தளர்த்தினார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்று விடும் நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 2 கோடி. உங்கள் 55,000 என்பது இன்றைய செலவு. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் நான்கு வருடத்தில் அது 69,000-ஐத் தாண்டும், அதாவது வருடம் 8.3 லட்சம். இதில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் இல்லை, ஏனென்றால் இதுவரை கம்பெனி கட்டுகிறது. உங்கள் இருவருக்கும் வருடம் 70,000 என்று வைத்தால் 9 லட்சம். இன்னொரு பக்கம், 2 கோடியில் மகளின் படிப்பு, கல்யாணத்துக்கு 25 லட்சம், எந்தக் காப்பீடும் தராத மருத்துவச் செலவுக்கு 10 லட்சம் தனியே எடுத்து வைத்தால் மிச்சம் 1.65 கோடி. 25 லட்சம் போதுமா என்று கேட்காதீர்கள், அது நீங்கள் எந்தக் கல்லூரியைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1.65 கோடியிலிருந்து வருடம் 9 லட்சம் எடுப்பது என்றால் 5.5 சதவீதம். வருடம் 4 சதவீதம் எடுக்கலாம் என்று யூடியூப்பில் சொல்கிறார்களே என்பீர்கள். அந்த 4 சதவீதம் 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர், அமெரிக்கப் பங்கு, கடன் பத்திரங்களின் பழைய தரவுகளை வைத்து, 30 வருட ஓய்வுக்காகக் கண்டுபிடித்தது. உங்களுக்கு 40 வருடம் வேண்டும், நம் விலைவாசி வேறு. என் சொந்த அனுமானம், விலைவாசிக்கு மேலே வருடம் இரண்டரை சதவீதம் வருமானம் நின்றால் அதுவே நல்லது. பங்கு, கடன் பத்திரம், எஃப்.டி. மூன்றும் கலந்து வைப்பவருக்கு இதைவிடக் கூடலாம், குறையவும் குறையலாம். இந்த அனுமானத்தில் 50-இல் முழுதாக நிறுத்தினால் பணம் ஏறத்தாழ 75 வயதில் தீர்கிறது. 50-இல் விட்டுவிட்டு 58 வரை ஏதாவது பகுதி நேர வேலையில் மாதம் 30,000 (அதுவும் விலைவாசியோடு ஏறுகிற மாதிரி) சம்பாதித்தால் 80-ஐத் தாண்டி இழுக்கும். 54 வரை இப்போதைய வேலையில் இருந்து இதே அளவு மிச்சம் பிடித்து, பிறகு 60 வரை அந்த 30,000 வந்தால் 90-ஐத் தாண்டி நிற்கிறது. நான்கு வருடம் இவ்வளவு வித்தியாசம் காட்டுமா என்று எனக்கே ஒருமுறைக்கு இருமுறை போட்டுப் பார்க்கத் தோன்றியது. காட்டும்; சேமிப்பு கூடுகிறது, எடுப்பது தள்ளிப்போகிறது, எடுக்க வேண்டிய வருடமும் குறைகிறது, மூன்றும் ஒரே பக்கம் சாய்கிறது.

அதனால் என் தீர்ப்பு: 50-இல் இந்தச் செலவோடு முழு ஓய்வு வேண்டாம். 54-ஐக் குறியுங்கள். அதற்கு முன்பே இந்த வேலை சலித்துவிட்டது என்றால், முழு ஓய்வுக்குப் பதிலாகச் சம்பளம் குறைந்த, மூச்சுவிட முடிகிற வேலைக்கு மாறுங்கள். கோவையில் உங்கள் துறை அனுபவத்துக்கு வாரம் மூன்று நாள் ஆலோசகராகப் போக இடம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது உங்களுக்குத்தான் தெரியும். செலவை 55,000-லிருந்து 45,000-க்கு இறக்க முடிந்தால் கணக்கு இதைவிட வேகமாக மாறும், ஆனால் அதை வேலையில் இருக்கும்போதே ஒரு வருடம் வாழ்ந்து பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவருக்குச் செலவு குறையும் என்பது எல்லோருக்கும் பலிப்பதில்லை.

சராசரி வருமானத்தைவிட ஆரம்ப வருடங்கள் எப்படி அமைகின்றன என்பது முக்கியம். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே வருட அக்டோபரில் 8,000-க்குக் கீழே போய், 2010 நவம்பரில்தான் மறுபடி 21,000-ஐப் பார்த்தது. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். 2008-இல் ஓய்வு பெற்று, வீட்டுச் செலவுக்காக அடிமட்ட விலையில் யூனிட்டுகளை விற்றவர்களுக்கு, சந்தை மீண்டும் ஏறியபோது ஏறுவதற்கு யூனிட் மிச்சமில்லை. ஆகவே வேலையை விடும் நாளில் மூன்று வருடச் செலவு எஃப்.டி.-யிலோ அது மாதிரி ஆடாத இடத்திலோ இருக்கட்டும். தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் 9 லட்சமும், கூட்டுக் கணக்கில் 15 லட்சமும் போடலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், ஆனால் 50-இல் விடுகிற உங்களுக்கு அதன் கதவு 60-இல்தான் திறக்கும்.

வரி உங்களுக்குப் பெரிய பாரமாக இருக்காது. புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி உண்டு. பங்கு ஃபண்டு லாபம் மட்டும் தனிக் கணக்கு: வருடம் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம், அதற்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது.

மருத்துவம்தான் நான் அதிகம் பயப்படும் இடம். கம்பெனியின் குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிகிறது. அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் என்ன பிரீமியம், எந்த நிபந்தனை என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். நீங்கள் 50 வயதில், சுகரோடு, வேலை இல்லாமல் போய் நிற்பதைவிட இன்றைக்கே தனிப் பாலிசி எடுப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 3 வருடம். இன்று எடுத்தால் அந்த 3 வருடமும் கம்பெனி பாலிசியின் நிழலிலேயே ஓடிவிடும். வேலையை விடும் நாளில் உங்கள் சுகருக்கும் அதனால் வருகிறவற்றுக்கும் காப்பீடு தயாராக இருக்கும். நான்கு வருடப் பிரீமியம் வீண்தானே என்று ஒரு நண்பர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் வாங்குவது அந்தக் காத்திருப்பைத்தான்.

விண்ணப்பத்தில் சுகரையும் தைராய்டையும் எழுதுங்கள், சாப்பிடும் மாத்திரை பெயரோடு. எழுதாவிட்டால் பிரீமியம் குறையும் என்று சொல்லும் ஏஜென்ட் கிளெய்ம் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகு மோசடி நிரூபணமானால் தவிர நிறுவனம் மறுக்க முடியாது என்பது இப்போதைய விதி. அந்த 60 மாதத்துக்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம். அப்புறம் அறை வாடகை வரம்பு. பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை 5,000 என்று இருக்கிறது, ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் அறைதான் காலியாக இருக்கிறது. பலர் நினைப்பது மேற்படி 3,000-ஐக் கையிலிருந்து கட்டினால் போதும் என்று. அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் மாதிரி அறையோடு ஏறுகிற செலவுகள் 2 லட்சம் ஆகியிருந்தால், அதில் எட்டில் ஐந்து பங்கு, 1.25 லட்சம்தான் வரும். மருந்தும் இம்ப்ளான்டும் இந்த வெட்டில் வராது. டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுன்டரில் நின்று இதைத் தெரிந்துகொள்வதைவிட, வாடகை வரம்பே இல்லாத பாலிசியாகப் பாருங்கள். அடிப்படைப் பாலிசி 10 லட்சம், அதற்கு மேலே ஒரு சூப்பர் டாப்-அப் (அடிப்படைத் தொகையைத் தாண்டிய செலவுக்கு மட்டும் தரும் கூடுதல் பாலிசி) என்று வைத்தால் பிரீமியம் கட்டுக்குள் நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். 60 தாண்டியவர்களுக்கு வருடம் 10 சதவீதத்துக்கு மேல் நிறுவனங்கள் தாமாகப் பிரீமியத்தை ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொன்னது. உங்களுக்கு 60 ஆகும்வரை அந்தப் பாதுகாப்பு கிடையாது, எனவே பிரீமியம் மற்ற செலவைவிட வேகமாக ஏறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் புதிதாக எடுத்தால் பிரீமியம் கனமாக இருக்கும். 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் திட்டம் இருக்கிறது. நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அதை ஏற்கிறதா என்று நேரில் கேட்டுவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் உங்கள் குடும்பம் அதில் வராது. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, பல், கண்ணாடி ஆகியவற்றில் பெரும்பகுதி எந்தப் பாலிசியிலும் அடங்காது. சுகர் மாத்திரையின் மூலப்பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பாருங்கள்; மாறுவது பற்றி முடிவு டாக்டருடையது, நான் கணக்குப் பிள்ளை.

இந்த மாதமே செய்யக் கூடியவை இரண்டு. யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் நுழைந்து சர்வீஸ் ஹிஸ்டரியைப் பதிவிறக்கி, 2005 செப்டம்பர் முதல் ஒரு மாதம்கூட விடுபடாமல் இருக்கிறதா, வெளியேறிய தேதிகள் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மனைவியின் பெயரில் ஈ-நாமினேஷன் போட்டிருக்கிறதா என்பதையும் அதே உட்காரலில் பார்த்துவிடலாம். இரண்டாவது, உங்கள் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிறுவனங்களிடம் பிரீமியம் கேளுங்கள். நான் போட்ட 70,000 சரியா, தப்பா என்று அப்போது தெரிந்துவிடும். மகள் எந்தப் படிப்புக்குப் போகிறாள் என்று முடிவானதும் அந்தத் தொகையோடு திரும்ப எழுதுங்கள், 54-ஐ 53 ஆக்க முடியுமா என்று மறுபடி போட்டுப் பார்க்கலாம்.